பனிக்குடத் தோல்

தீக்காய வார்டில் நான் இரண்டு பேரை நம்புவதில்லை. ஒன்று ஈ. இன்னொன்று நோயாளியின் சொந்தக்காரர். ஈயாவது உட்காருவதற்கு முன்னால் சத்தம் போடும். சொந்தக்காரர்கள் சத்தமே இல்லாமல் புண்ணில் தேன் தடவுவார்கள், காப்பித் தூள் போடுவார்கள், பற்பசை பூசுவார்கள். சீழ் பிடித்தால், கட்டுப் போட்டது நீதானே என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள்? ஸொஹாகில் நைல் கரையோரம் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியில் தாதியான எனக்குத் தலை நரைத்ததே இந்தக் காவலில்தான்.

நான் நம்பாதவர்களின் வரிசையில் முதல் ஆள் ஸனிய்யா. தஸ்னீமின் அத்தை.

தஸ்னீம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அவள் இன்னும் பள்ளிக்கூடம் போகாத காலத்தில், அவள் அம்மா நஜாத் தஅமிய்யா வடை சுட்டுக்கொண்டிருந்தபோது எண்ணெய்ச் சட்டி சாய்ந்து கழுத்தில் கொட்டிவிட்டது. புண் ஆறியது. ஆனால் ஆறிய தோல் சுருங்கிச் சுருங்கி, பிள்ளையின் தாடையை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டது. நிமிர முடியாது. கீழ் உதடு இழுபட்டு எச்சில் வழியும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'காசைத் தொலைச்சவ' என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷம் வேறொரு டாக்டர் தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினார். அதுவும் சுருங்கியது. தாடை பழையபடி நெஞ்சுக்கு வந்தது. தொடையில் ஒரு வடு மிச்சம்.

இந்த முறை அலெக்ஸாந்திரியாவிலிருந்து டாக்டர் இக்லால் வந்திருந்தார். ஒல்லியான பெண், பேசும்போதெல்லாம் சிரிப்பார். குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னார்.

"காதுக்குப் பின்னால நகம் அளவு தோல் எடுப்பேன். அதுல இருக்கிற செல்லைப் பிரிச்சு ஆய்வுக்கூடத்துல வளர்ப்போம். வளர்றதுக்கு ஒரு பாய் வேணும். வயித்துல குழந்தையைச் சுத்தி இருக்கிற பனிக்குடத் தோல்தான் அந்தப் பாய். மெல்லிசு, சதையோட ஒத்துப்போகும், புண்ணை ஆத்துற குணமும் அதுக்கு உண்டு. நஜாத்துக்கு அடுத்த வாரம் சிசேரியன். ரத்தமெல்லாம் சோதிச்சாச்சு. அவங்களோடதையே எடுத்துக்கலாம். வளர்ந்ததும் கழுத்துல இருக்கிற இறுக்கத்தை வெட்டி விட்டுட்டு, அந்த இடத்துல இதை விரிச்சிடுவோம்."

நஜாத் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். அவள் புருஷன் பதாவி புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். மூலையில் தரையில் உட்கார்ந்திருந்த ஸனிய்யாதான் வாயைத் திறந்தாள்.

"காதுக்குப் பின்னாடி எடுத்து வச்சா கழுத்துக்கு முளைச்சு வருமாக்கும்? தோலு என்ன கீரையா?"

"கிட்டத்தட்ட கீரைதான், ஹாஜ்ஜா."

"நான் ஹஜ்ஜுக்குப் போனதில்ல டாக்டர். நீங்க அனுப்பி வச்ச மாதிரி கூப்பிடாதீங்க. சரி, போன தடவ ஒட்டினதும் அவ தோலுதானே. அது ஏன் சுருங்குச்சு?"

நியாயமான கேள்வி. எனக்கே அது பிடித்திருந்தது, அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. டாக்டரும் மழுப்பவில்லை.

"அந்த முறையில சுருக்கம் அதிகம். இதுல கம்மியா இருக்கும்னு நம்புறோம். நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் ஸனிய்யா தம்பியின் காதில் கிசுகிசுப்பது எனக்குக் கேட்டது. "சிரிக்கிற டாக்டரை நம்பாதடா. நம்ம ஊரு ஹம்தான் குடல்வால் ஆபரேஷனுக்குன்னு படுத்தான், ஒரு கிட்னி இல்லாம எந்திரிச்சான்."

காதுக்குப் பின்னால் தோல் எடுத்த அன்று, மயக்கம் தெளியாத பிள்ளையின் சட்டையைத் தூக்கி இடுப்பின் இரண்டு பக்கமும் தையல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன தேடுறீங்க?"

"பிள்ளையைக் கொடுத்தப்ப முழுசா கொடுத்தோம். முழுசா இருக்கான்னு பாக்குறேன்."

"ரெண்டு கிட்னியும் பத்திரமா இருக்கு. உங்க நாக்கு மாதிரி அதுவும் ஓயாம வேலை செய்யுது."

"உங்க நாக்குக்கு என் நாக்கு தங்கச்சி, மிஸ் இன்ஸாஃப்."

எங்கள் உறவு இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் கொண்டுவரும் ரொட்டிப் பொட்டலத்தை நான் பிரித்துப் பார்ப்பேன். நான் கொண்டுபோகும் ஊசி மருந்தின் பெயரை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கட்டில் காலில் அவள் கட்டிய தாயத்தை நான் அவிழ்ப்பேன். அடுத்த நாள் அது மெத்தைக்கு அடியில் இருக்கும்.

நஜாத்துதான் ஒரு நாள் சொன்னாள், தன் நாத்தனார் ஏன் இப்படி என்று. ஸனிய்யாவுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துப் பிறந்தது. நஞ்சுக்கொடியைக் கேட்டால், குப்பையோடு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நஞ்சுக்கொடியை அப்படி விடுவதில்லை. ரொட்டித் துண்டும் உப்பும் சேர்த்து, வீட்டுப் பெண் ஒருத்தி நைலில் விட வேண்டும். வேறு கையில் சிக்கினால் பெற்றவளின் வயிறு கட்டிப்போகும் என்பார்கள். ஸனிய்யாவுக்கு அதற்குப் பிறகு கரு தங்கவே இல்லை. புருஷன் இன்னொருத்தியைக் கட்டினான். இவள் துணி மூட்டையோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது தஸ்னீம் மட்டும்தான்.

கேட்டபோது பாவமாக இருந்தது. ஆனால் இரக்கம் வேறு, நம்பிக்கை வேறு.

நஜாத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. எங்கள் ஊர்ப் பெண்களின் மனசு பிரசவ வார்டுக்குத் தெரியும் என்பதால், பனிக்குடத் தோலை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு, நஞ்சுக்கொடியைப் பையில் போட்டு ஸனிய்யாவிடம் கொடுத்தார்கள். அவள் ரொட்டியும் உப்புமாகப் படித்துறைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஊரில் எத்தனையோ பிரசவம் பார்த்த கண்.

"தோலை உரிச்சிட்டுச் சதையைக் கொடுத்திருக்கீங்களே! ஆத்துக்குப் பாதி, உங்களுக்குப் பாதியா? எந்தச் சீமாட்டிக்கு முகத்துல பூசுற கிரீமுக்கு வித்தீங்க?"

"உங்க தஸ்னீமுக்குத்தான்னு அன்னிக்கே சொன்னோமே!"

"தோலு எடுப்போம்னீங்க. இப்படி மொத்தமா உரிச்சு எடுப்பீங்கன்னு சொல்லலையே! நஜாத்துக்கு வயிறு கட்டிப்போனா யாரு பொறுப்பு? அது உப்புப் படாமக் கிடந்தா எதெது வந்து குடியேறும்னு தெரியுமா உங்களுக்கு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பதாவி வந்து அவளை இழுத்துக்கொண்டு போனான். அவள் அன்று என்னைப் பார்த்த பார்வை எனக்கு நல்லதாகப் படவில்லை. இவள் ஏதோ செய்வாள் என்று அப்போதே நினைத்தேன். டாக்டரிடமும் சொன்னேன், ஆபரேஷன் அன்று இவளை வாசலைத் தாண்ட விடக்கூடாது என்று.

டாக்டர் இக்லாலுக்கு வேறு யோசனை. ஒளித்து வைப்பதால்தான் பயப்படுகிறார்கள், திறந்து காட்டினால் பயம் போய்விடும் என்பார். புத்தகத்தில் சரி. ஸொஹாகில் சரியா என்று எனக்குச் சந்தேகம்.

ஆபரேஷன் நாள் காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து குளிர்ப்பெட்டி வந்தது. தியேட்டருக்கு முன்னறையில் வைத்தார்கள். டாக்டர் ஸனிய்யாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். கண்ணாடி மூடியிட்ட வட்டத் தட்டுகள். இளஞ்சிவப்புத் திரவத்தில் ஈரத் துணி மாதிரி ஏதோ மிதந்தது.

"இதுதான் ஹாஜ்ஜா. பாய் நஜாத்தோடது. மேல வளர்ந்திருக்கிறது தஸ்னீமோட தோல்."

ஸனிய்யா குனிந்து பார்த்தாள். தர்பூசணி வாங்குகிறவள் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். தட்டிப் பார்க்காததுதான் பாக்கி.

"இத்தனூண்டு காதுத் தோலா இவ்வளவு பெருசாச்சு?"

"ஆமா."

அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து டாக்டர் உள்ளிருந்து கூப்பிட, இக்லால் போய்விட்டார். வெளியே தஸ்னீம் தள்ளுவண்டியில் ஏற மாட்டேன் என்று வீரிட்டாள். நான் போய் அவளைத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் நேரம். திரும்பி வந்தபோது ஸனிய்யா பெட்டிக்கு முன்னால் சாதுவாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் சாதுவாக நின்றதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவளை வெளியே அழைத்துப் போகும்போது கேட்டாள்.

"மிஸ், அது செத்த தோலா, உசுருள்ளதா?"

"உசுருள்ளதுதான். கைப்பிள்ளை மாதிரி வளர்த்திருக்காங்க. தினமும் ஆகாரம் மாத்தணும், சூடு பாக்கணும். குழாய்த் தண்ணி பட்டாக்கூடச் செத்துப்போகும்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் முகம் வெளுத்ததை, பிள்ளை உள்ளே போகிற பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே தஸ்னீம் மயங்கினாள். டாக்டர் அவள் கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டார். எங்கே வெட்டி இறுக்கத்தை விடுவது என்பதற்கான கோடு. வெட்டிவிட்டால் கழுத்து முழுவதும் பச்சைப் புண். உடனே மூடியாக வேண்டும்.

"இன்ஸாஃப், பெட்டி."

பெட்டியை எடுக்க முன்னறைக்கு வந்தேன். ஸனிய்யா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதை வைக்காதீங்க."

"விடு கையை! சுத்தம் போச்சு!"

"நான் உப்புப் போட்டுட்டேன். எல்லாத் தட்டுலயும். ஆத்துக்குத்தான் போகல, உப்பாவது படட்டும்னு. மூடியைத் திறந்து ஒவ்வொரு சிட்டிகை போட்டு, பேர் சொல்லி ஓதினேன். நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் போட்டேன். உசுருன்னு எனக்குத் தெரியாது."

நான் தட்டுகளைப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் திரவம், அதில் மிதக்கும் தோல். ஒரு மணி உப்புகூடக் கண்ணில் படவில்லை. கரைந்திருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம்.

எனக்குள் இருந்த சந்தேகக்காரி விழித்துக்கொண்டாள். முதல் நாளிலிருந்து இந்த ஆபரேஷனைத் தடுக்கப் பார்த்தவள் இவள். இப்போது கடைசி நிமிஷத்தில் ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாம் நின்றுபோகும். வளர்ந்த தோல் இன்றைக்குத்தான் ஆகும், நாளைக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பிச் சோதித்து வருவதற்குள் பிள்ளையின் மயக்க நேரம் தீர்ந்துவிடும். இவளை நம்பி நிறுத்தி, இவள் சொன்னது பொய் என்றால், நல்ல தோல் வீண். நம்பாமல் விட்டு, உண்மை என்றால், பச்சைக் கழுத்தின்மேல் செத்த தோலை விரிப்போம்.

"பொய் சொல்ற. உனக்கு இந்த ஆபரேஷனே பிடிக்கல."

"பிடிக்கல. ஆனா இது பொய் இல்ல."

"ஏன் நான் நம்பணும்?"

முந்தானை மாதிரி தொங்கிய கறுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உப்பு இருந்தது. அதனால் என்ன? எங்கள் ஊரில் எந்தக் கிழவியின் முடிச்சில்தான் உப்பு இல்லை?

உள்ளேயிருந்து மறுபடியும் குரல். "இன்ஸாஃப்! நான் ஆரம்பிக்கவா?"

"கழுத்துல கத்தியை வைக்காதீங்க டாக்டர், ஒரு நிமிஷம்!" என்று கத்திவிட்டு அவளிடம் திரும்பினேன். அவளுக்கு இந்த உலகத்தில் இருக்க ஒரே ஒரு வீடு. அது யாருடைய வீடு என்று எனக்குத் தெரியும். நான் செய்தது கொடுமை என்றும் தெரியும்.

"என்கிட்ட சொன்னது போதாது. உன் தம்பிகிட்ட சொல்லு."

நடைபாதையில் பதாவி நின்றான். பக்கத்தில் பாயில் நஜாத், மடியில் குழந்தை. ஸனிய்யா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய், அங்கே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பதாவி, உன் மகளுக்கு வளர்த்த தோலை நான் கொன்னுட்டேன்."

உப்பு, தட்டு, ஓதினது, எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பதாவி கையை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அக்காவாயிற்றே.

"என் வாசப்படியை இனிமே மிதிக்காத," என்றான். நஜாத் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இதற்கு மேல் நான் என்ன கேட்பது? பொய்க்கு இந்த விலையை யாரும் கொடுக்க மாட்டார்கள். உள்ளே ஓடினேன்.

"நிறுத்துங்க டாக்டர். தட்டுல உப்பு விழுந்திருக்கு. ஸனிய்யா சொன்னா."

"அவங்க சொல்றதை நம்புறியா? நீயா?" டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். அந்தச் சிரித்த முகம் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்களெல்லாம் வெயிலில் கிடந்த திராட்சை மாதிரி வற்றிப்போயிருந்தன. தஸ்னீம் கழுத்தில் ஊதாக் கோட்டோடும், எப்போதும் போல நெஞ்சில் ஒட்டிய தாடையோடும் கண் விழித்தாள்.

நஜாத்தின் பனிக்குடத் தோலில் ஒரு துண்டு உறைகுளிரில் மிச்சம் இருந்தது. இன்னொரு காதுக்குப் பின்னால் மறுபடி நகம் அளவு தோல் எடுத்தார்கள். மறுபடி வளர்த்தார்கள். இந்த முறை முன்னறைச் சாவி என் கழுத்தில் தொங்கியது. டாக்டர்கூட என்னைக் கேட்டுத்தான் உள்ளே போனார். ஆபரேஷன் முடிந்தது, விரித்த தோலும் பிடித்துக்கொண்டது.

கட்டுப் பிரித்த நாளில்தான் வந்தது வினை. பிள்ளை நிமிர மாட்டேன் என்றாள்.

"கிழிஞ்சிடும். யாரும் தொடாதீங்க."

டாக்டர் கெஞ்சினார். அம்மா அழுதாள். பதாவி பொம்மை வாங்கிக்கொண்டு வந்தான். தாடையைத் தொடப்போன என் கையைக் கடித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இந்தப் பருவத்தில் கழுத்தைத் தினமும் நிமிர்த்தி அசைக்காவிட்டால், எவ்வளவு உசத்தியான தோலாக இருந்தாலும் மறுபடி சுருங்கும். அவளாக நிமிர வேண்டும். நாமாகப் பிடித்து நிமிர்த்தினால் புதுத் தோல் தாங்காது.

"அத்தை வந்தாத்தான்," என்றாள்.

"அவ வரமாட்டா," என்றான் பதாவி.

"அப்ப நானும் மாட்டேன்."

அக்கா தம்பி சண்டையில் நான் தலையிடுவதில்லை. ஆனால் இது என் வார்டு. கீழே இறங்கிப் போனேன். ஸனிய்யா எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தி வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் எங்கள் வாசலில் தேநீர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வருகிற போகிற தாதிகளிடம் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பாள். என்னிடம் மட்டும் கேட்டதில்லை.

"எந்திரி," என்றேன்.

எழுந்தாள். அவள் துணி முடிச்சை அவிழ்த்து உதறினேன். கைப்பையைக் கவிழ்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றித் தட்டினேன். தேநீர்க்காரன் வாயைப் பிளந்து பார்த்தான். அவள் கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் கேட்டாள்.

"இப்ப நம்புறியா?"

"இல்ல. ஆனா உள்ள வா."

வார்டுக்குள் நுழைந்ததும் பதாவி எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஸனிய்யா கதவுப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"தஸ்னீம்."

பிள்ளைக்கு அத்தையின் செருப்புத்தான் தெரிந்திருக்கும். "கிட்ட வா அத்தை."

"வர மாட்டேன். பாக்கணும்னா நீ பாரு."

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். அப்புறம் அவள் விரல்களைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளிவிடாதபடி அவை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தன.

தஸ்னீமின் தாடை நெஞ்சை விட்டு ஒரு விரல்கடை எழுந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் எழுந்தது. பிள்ளையின் பார்வை அத்தையின் பாவாடை ஓரத்திலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறி, கடைசியில் முகத்துக்கு வந்தது.

"ஏன் அத்தை அழுவுற? எனக்கு வலிக்கவே இல்ல."

ஜன்னல் பக்கம் நின்றவன் திரும்பிவிட்டான். எல்லாரும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குனிந்து, அவள் கழுத்தில் புதுத் தோலின் ஓரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை விடாமல் பார்த்துக்கொண்டு போனேன். எங்கும் பிரியவில்லை.